காலில் உப்பு, வயிற்றில் கல்

கட்டட வேலை நடந்த அந்த வளாகத்தில் எல்லாருக்கும் அவள் மேலக்கா. மேலே இருக்கிற அக்கா என்று பொருள். இருபத்திரண்டு மாடிக்குத் திட்டமிட்டு எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தின் பக்கத்தில் ஒரு டவர் கிரேன் நின்றது. அதன் உச்சியில், ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய கண்ணாடிக் கேபினுக்குள் அவள் இருப்பாள். காலை ஏழு மணி முதல் மாலை நாலு மணி வரை கம்பிக் கட்டு, கான்கிரீட் தொட்டி, பலகை, ஜன்னல் கண்ணாடி என்று எதைக் கொக்கியில் மாட்டினாலும் தூக்கி, சொன்ன இடத்தில் வைப்பாள். பத்தொன்பது வருஷ அனுபவம். வயது ஐம்பத்து மூன்று. அவள் இறக்கிய கண்ணாடியில் அதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை. இதை அவளே நாலு பேரிடம் சொல்லுவாள். தன் வேலையைப் பற்றிப் பேசும்போது அடக்கம் காட்டுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

கேபினுக்குப் போக ஏணிதான் வழி. கிரேனின் இரும்புக் கூட்டுக்குள் செங்குத்தாக இருநூற்று நாற்பது படி. ஏறிவிட்டால் மாலையில்தான் இறக்கம். மேலே கழிப்பறை கிடையாது. அவசரத்துக்கு இறங்கி ஏறினால் முக்கால் மணி நேரம் போய்விடும். அதுவரை கீழே எழுபது எண்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நிற்பார்கள். மற்ற கிரேன்களில் இருந்த ஆண்கள் காலி பாட்டிலை வைத்துச் சமாளித்தார்கள். மேலக்கா வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே தனக்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். காலையில் வீட்டில் அரை டம்ளர் காபி. அதன் பிறகு நாலு மணி வரை உதட்டை நனைப்பதோடு சரி. மதியச் சாப்பாடும் பெரும்பாலும் இல்லை. சாப்பிட்டால் தாகம் எடுக்குமே.

இறங்கியதும் வாசலில் இருந்த பெட்டிக்கடைக்கு நேராகப் போவாள். குளிர்ந்த கலர் சோடா, பெரிய பாட்டில். நின்ற நிலையிலேயே ஒன்று, வீட்டுக்குப் போகிற வழியில் இன்னொன்று. வீட்டுக்காரருக்கு இறைச்சிக் கடையில் வெட்டுகிற வேலை. கடை மூடும்போது விற்காமல் மிஞ்சிய ஈரலும் சிறுநீரகமும் பொட்டலமாக வீட்டுக்கு வரும். மிளகு போட்டுப் புரட்டி, பக்கத்தில் எலும்பு சூப்பும் வைத்து, அவள் வரும் நேரத்துக்குச் சுடச்சுடத் தயாராக வைத்திருப்பார்.

"நாள் முழுக்க ஆகாசத்துல உட்கார்ந்துட்டு வர்றவ. ஒடம்புல ரத்தம் ஊற வேணாமா?" என்பார்.

காலையிலிருந்து காய்ந்துபோய் வந்தவள் ஒரு பிடி பிடிப்பாள். வாரத்தில் ஐந்து நாள் இதே கதைதான். எடை தொண்ணூற்றெட்டுக்கு வந்து நின்றது.

ஒரு புதன்கிழமை காலை, கட்டிலை விட்டு இறங்கிக் காலைத் தரையில் வைத்தவள், அலறிக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டாள். வலது கால் கட்டைவிரலின் அடி மூட்டு சிவந்து, தோல் பளபளக்க வீங்கியிருந்தது. கையை அருகில் கொண்டுபோனாலே சூடு தெரிந்தது.

"எங்கயாவது இடிச்சிக்கிட்டியா?" என்றார் வீட்டுக்காரர்.

"இடிச்சா எனக்குத் தெரியாதா?"

"நாலு எட்டு நடந்து பாரு. சரியாயிடும்."

"நடக்கிறதா? காத்து பட்டாலே உயிர் போகுது. முதல்ல அந்த ஃபேனை நிறுத்துங்க."

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அன்று விடுப்பு எடுத்தாள்.

தெருமுனை மருத்துவமனையின் டாக்டரம்மா, கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு, விரலைத் தொடாமலே வெகுநேரம் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் முடிவு வந்தது.

"இதுக்குப் பேரு கவுட்," என்றார் டாக்டரம்மா. "ரத்தத்துல யூரிக் அமிலம் கூடிப்போச்சு. சிறுநீர்ல வெளிய போக வேண்டியது. சரியாப் போகாம தங்கி, உப்பு மாதிரிப் பொடிப்பொடியா மூட்டுல படிஞ்சிருக்கு. அதான் இந்த வலி."

"சாப்பாட்டால வர்றதா?"

"சாப்பாட்டுக்கும் பங்கு இருக்கு. ஈரல், சிறுநீரகம், இறைச்சி சூப், பீர், இனிப்பு சோடா, இதெல்லாம் அதை ஏத்தி விடும். கூடுதல் எடையும் ஏத்தி விடும். ஆனா சாப்பாடு மட்டும் காரணம் இல்ல. பரம்பரை இருக்கு, சிறுநீரகம் வேலை செய்யுற விதம் இருக்கு, பெண்களுக்கு மாதவிடாய் நின்ன பிறகு இது வர்றதும் உண்டு. இப்போ வலிக்கு மருந்து தர்றேன். மூணு வாரம் கழிச்சு வாங்க. மறுபடி ரத்தம் பார்த்துட்டு, தினசரி மாத்திரை வேணுமா வேணாமான்னு முடிவு பண்ணலாம். எடையை மெதுவாக் குறைங்க. மாசத்துக்கு ரெண்டு கிலோ, மூணு கிலோ, அது போதும்."

மேலக்காவின் காதில் பாதிதான் விழுந்தது. சாப்பாட்டுக்கும் பங்கு இருக்கு என்று டாக்டரம்மா சொன்னது, அவள் வீடு வந்து சேர்வதற்குள் சாப்பாடுதான் காரணம் என்று மாறிவிட்டது. நாலைந்து நாளில் வலி விட்டது. மூன்று வாரம் கழித்து அவள் போகவில்லை.

அதே மாதத்தில் கம்பெனியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஏணி ஏறிப் போகும் ஆபரேட்டர்கள் இனிமேல் எண்பத்தைந்து கிலோவுக்குள் இருக்க வேண்டும். மூன்று மாதத்தில் உடல் தகுதிச் சோதனை. தேறாதவர்களுக்குக் கீழே சாமான் கிடங்கில் வேலை. மேலக்கா அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"கிடங்குல உட்கார்ந்து ஆணி எண்ணச் சொல்றாங்க. என்னையா? பார்த்துடலாம்," என்றாள் வீட்டுக்காரரிடம்.

வழி காட்ட நாத்தனார் வந்தாள். வீட்டுக்காரரின் தங்கை, ஒரு துணிக்கடையில் மேற்பார்வை வேலை. எந்த விஷயத்திலும் அரைகுறையாக நிற்கிறவள் இல்லை.

"அண்ணி, நான் பத்து நாள்ல ஆறு கிலோ குறைச்சேன். ஒரே வேளைதான் சாப்பாடு. அதுவும் வெள்ளரிக்காயும் முட்டைக்கோஸும். மத்த நேரத்துக்கு எலுமிச்சைச் சாறு. வாயைக் கட்டினா வயிறு தானா ஒடுங்கும்."

"எண்ணெய்?"

"எண்ணெய்னு சொல்லவே கூடாது அண்ணி."

மேலக்கா ஒன்றில் இறங்கிவிட்டால் இறங்கியதுதான். ஈரல் போயிற்று, சூப் போயிற்று, சோடா போயிற்று. அதோடு சோறு, ரொட்டி, பருப்பு, பால், எண்ணெய் எல்லாமே போயிற்று. வீட்டுக்காரர் பொட்டலத்தோடு வந்து வாசலில் தயங்கி நிற்பார். பிறகு தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். அவருக்கு அது கோபமாகவும் இல்லை, சந்தோஷமாகவும் இல்லை. இருபத்தாறு வருஷமாகப் பரிமாறிய கைக்கு வேலை இல்லாமல் போனதுதான் அவர் குறை.

மூன்றாவது வாரத்தில் ஆறு கிலோ குறைந்திருந்தது. அதே வாரத்தில் கவுட் மறுபடி வந்தது. இந்த முறை இடது கணுக்காலில். மேலக்கா திகைத்துப்போனாள். ஈரலை வாயில் வைத்தே இருபது நாள் ஆகிறதே! மிச்சமிருந்த வலி மாத்திரையை விழுங்கிவிட்டு, பக்கத்து வீடு, எதிர் வீடு, கிடங்குக்காரர், பெட்டிக்கடைக்காரர் என்று எல்லாரிடமும் விசாரித்தாள். ஒருவர் தக்காளி ஆகாது என்றார். ஒருவர் கீரை, இன்னொருவர் காளான், இன்னொருவர் புளிப்பு எதுவுமே ஆகாது என்றார். எல்லாப் பட்டியலையும் சேர்த்துப் பார்த்தால் மிச்சம் இருந்தது காற்று மட்டும்தான். அவள் தக்காளியையும் கீரையையும்கூட விட்டாள்.

பத்தாவது வாரம் சோதனைக்குப் போனாள். தராசு முள் எண்பதில் நின்றது. சோதித்தவர் இரண்டு தடவை ஏறி நிற்கச் சொன்னார். பதினெட்டு கிலோ! வளாகத்தில் அன்று அவளுக்கு ராஜ மரியாதை. வழக்கமாக இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கும் ஏணியை ஒரே மூச்சில் ஏறி, உச்சியிலிருந்து ரேடியோவில், "யாருப்பா அங்க, கிடங்குக்கு ஆள் கேட்டது?" என்றாள். கீழே சிரிப்புச் சத்தம் அடங்க நேரமாயிற்று.

வீட்டுக்காரருக்கு அந்தச் செய்தி போதும். "தேறியாச்சுல்ல? இனி ஒரு நாளாவது ஒழுங்காச் சாப்பிடு," என்று மறுநாள் விடிந்ததும் அடுப்பில் நின்றார். எண்ணெயில் பொரித்த இறைச்சித் துண்டுகள், இரண்டு பக்கமும் வெண்ணெய் தடவிய ரொட்டி, மூன்று அடுக்கு டப்பா நிறைய. மேலக்காவுக்கும் மறுக்க மனசு வரவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கேபினில் உட்கார்ந்து, டப்பாவைத் துடைத்தாற்போல் சாப்பிட்டு முடித்தாள்.

ஒரு மணி தாண்டியதும் வலி ஆரம்பித்தது. வலது விலாவுக்குக் கீழே யாரோ கையை விட்டுப் பிசைவது போல. முதலில் வாயு என்று நினைத்தாள். பத்தே நிமிஷத்தில் அது முதுகுப் பக்கம் சுற்றிக்கொண்டு வலது தோள்பட்டைக்கு ஏறியது. நெற்றியில் வேர்வை கொட்டியது. அந்த நேரத்தில் கொக்கியில் இரண்டு டன் கம்பிக் கட்டு, பதினெட்டாவது மாடிக்கு மேலே காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. மாடியில் பதினோரு பேர் நின்றார்கள்.

மாடியிலிருந்து சைகை காட்டுகிறவருக்கு விசில் என்று பெயர். ரேடியோ வருவதற்கு முன்பு ஊதல் வைத்தே வேலை வாங்கியவர். அவளோடு ஒன்பது வருஷம் வேலை பார்த்தவர். அவள் மூச்சு விடுவதை வைத்தே அவள் மனநிலையைச் சொல்லிவிடுவார்.

"விசில்," என்றாள் மேலக்கா. "ஆளுங்கள எல்லாம் சுவரோரம் ஒதுக்கு."

"என்னக்கா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒதுக்கிட்டுப் பேசு."

விசில் ஒதுக்கினார். மேலக்கா இடது கையால் விலாவை அழுத்திக்கொண்டு, வலது கையால் நெம்புகோலை மெல்ல மெல்ல அசைத்தாள். கட்டு கொஞ்சமும் ஆடவில்லை. பலகைமேல் உட்கார்ந்தபோது சத்தமே கேட்கவில்லை என்று விசில் பிறகு எல்லாரிடமும் சொன்னார். சங்கிலியைக் கழற்றச் சொல்லி, கொக்கியை உயரே ஏற்றி, இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அதன் பிறகுதான் அவள் குனிந்து வாந்தி எடுத்தாள்.

"இப்ப சொல்றேன். எனக்கு வயித்துல ஏதோ ஆயிடுச்சு. தனியா இறங்க முடியாது."

விசிலும் மீட்புப் பயிற்சி எடுத்த இன்னொரு தொழிலாளியும் கயிற்றோடு ஏறி வந்தார்கள். இடுப்புப் பட்டையில் கயிற்றை மாட்டி, விசில் மேலே நின்று தளர்த்த, மற்றவர் கீழே ஒவ்வொரு படியிலும் அவள் காலைப் பிடித்து வைக்க, இறக்கம் தொடங்கியது. ஏணிக்கு நடுவே நின்று இளைப்பாற விட்டிருந்த இடைத்தட்டு வந்தால் ஒரு நிமிஷம் உட்காருவாள். பல்லைக் கடித்துக்கொண்டு, "ம்... போலாம்," என்பாள். தரையைத் தொட நாற்பது நிமிஷம் ஆயிற்று.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பைக்குள் கற்கள், மிளகு அளவில் எட்டு ஒன்பது. ஒன்று பையின் வாயில் வந்து அடைத்திருந்தது. பை வீங்கியிருந்ததால் காத்திருக்க வேண்டாம் என்று அறுவை மருத்துவர் சொன்னார். மூன்றாம் நாள் வயிற்றில் நாலு சின்னத் துளை போட்டு, கல்லோடு பையையும் எடுத்தார்கள். பை இல்லாமலும் ஈரல் பித்தநீரைக் குடலுக்கு அனுப்பும், வாழ்க்கைக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லி, கற்களை ஒரு சின்னப் புட்டியில் போட்டுக் காட்டினார்கள். வீட்டுக்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"தக்காளி விதை ஏதாவது இறுகிப்போச்சா?" என்றார்.

"நான் தக்காளி தின்னே ரெண்டு மாசம் ஆச்சு," என்றாள் மேலக்கா படுக்கையிலிருந்து.

தெருமுனை டாக்டரம்மாவுக்கு அந்த ஆஸ்பத்திரியிலும் வாரத்தில் இரண்டு நாள் வேலை. பட்டியலில் பேரைப் பார்த்துவிட்டு அவரே வார்டுக்கு வந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார்.

"மூணு வாரத்துல வர்றேன்னு போனவங்க நீங்கதானே?"

மேலக்கா முதல் தடவையாகக் கொஞ்சம் கூனிக் குறுகினாள். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "டாக்டரம்மா, நீங்க சொன்னதுக்கு மேலயே செஞ்சேன். ஈரலை விட்டேன், சோடாவை விட்டேன். பதினெட்டு கிலோ குறைச்சேன். அப்புறம் ஏன் கணுக்கால் வீங்கிச்சு? அப்புறம் ஏன் இந்தக் கல்லு?"

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஈரலையும் சோடாவையும் விட்டது சரி. மத்ததையும் சேர்த்து விட்டீங்க பாருங்க, அங்கதான் தப்பு. எவ்வளவு நாள்ல பதினெட்டு கிலோ?"

"பத்து வாரம்."

"நான் சொன்னது மாசத்துக்கு ரெண்டு மூணு. ஒடம்பு பட்டினி கிடந்தா சொந்தக் கொழுப்பை எரிக்கும். அப்படி எரியறப்ப வர்ற கழிவு, யூரிக் அமிலத்தை வெளிய விடாம வழியை மறிச்சுக்கும். அதான் ஈரல் சாப்பிடாமலே உங்களுக்குக் கணுக்கால் வீங்கிச்சு. சரி, கல்லுக்கு வருவோம். அவ்வளவு வேகமா இளைக்கிறப்ப ஈரல் நிறையக் கொழுப்பைப் பித்தநீர்ல கொட்டும். நீங்க சாப்பிட்டாத்தான், அதுவும் கொஞ்சம் எண்ணெய் இருந்தாத்தான், பித்தப்பை சுருங்கி அந்த நீரைக் குடலுக்குத் தள்ளும். நீங்க அதுக்கு வேலையே கொடுக்கல. நீர் தேங்கிச்சு, கெட்டியாச்சு, கல்லாச்சு. எல்லாருக்கும் இப்படி ஆகும்னு இல்ல. உங்க வயசுக்கும் முந்தின எடைக்கும் வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே ஒண்ணு ரெண்டு இருந்திருக்கவும் கூடும். அப்புறம் ஒரே நாள்ல டப்பா நிறையப் பொரிச்ச இறைச்சி. சும்மா கிடந்த பை திடீர்னு சுருங்கினதுல கல்லு வந்து வாயில மாட்டிக்கிச்சு."

வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்போ பருப்பு, தக்காளி, கீரை?" என்றாள் மேலக்கா.

"தாராளமாச் சாப்பிடுங்க. பருப்பாலயும் கீரையாலயும் கவுட் கூடும்னு ஆராய்ச்சி எதுவும் காட்டல. தக்காளி ஒத்துக்கலைன்னு சில பேர் சொல்றாங்க; உங்களுக்கு அப்படித் தோணினா மட்டும் விடுங்க. கொழுப்பு எடுத்த பால், தயிர் நல்லது. மூணு வேளையும் அளவாச் சாப்பிடுங்க. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?"

இதுவரை யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. மேலக்கா கையால் அரை டம்ளர் உயரம் காட்டினாள்.

"ஒரு வேளைக்கா?"

"வேலை முடியற வரைக்கும்."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கேபின், ஏணி, இல்லாத கழிப்பறை எல்லாவற்றையும் மேலக்கா சொல்லி முடித்தபோது, "அமிலத்தை வெளிய தள்ள சிறுநீரகத்துக்குத் தண்ணி வேணும். நீங்க குழாயை மூடி வெச்சுக்கிட்டுத் தரையைத் துடைக்கப் பார்த்திருக்கீங்க," என்றார். பிறகு, "மாத்திரையும் வேணும். உங்க அளவுக்கு ஏறிப்போனதைச் சாப்பாடு கொஞ்சம்தான் இறக்கும். மிச்சத்தை மாத்திரைதான் இறக்கணும். அதுல ஒண்ணும் தோல்வி இல்ல," என்றார்.

அவர் போன பிறகு வீட்டுக்காரர் மெல்லக் கேட்டார். "அப்போ நான்தான் உன் கால வீங்க வெச்சேன். வயித்தையும் நான்தான் கெடுத்தேன். அப்படித்தானே?"

"நீங்க வெச்சீங்க. நான் தின்னேன். இதுல யாரு மேல கேஸ் போடுறது?" என்றாள் மேலக்கா. "அழுது வடியாதீங்க. பருப்பு வேக வைக்கத் தெரியுமா?"

"இறைச்சி வெட்டுறவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?"

"கத்துக்கோங்க."

அவர் கற்றுக்கொண்டார். முதல் வாரம் பருப்பு கல்லாக இருந்தது. இரண்டாம் வாரம் கூழாக இருந்தது. மூன்றாம் வாரம் சாப்பிடும்படி இருந்தது. ஈரல் பொட்டலம் அதன் பிறகு வீட்டுக்குள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கொழுப்பு நீக்கிய இறைச்சி, உள்ளங்கை அளவு. எது கொழுப்பு, எது சதை என்று அவரை விட நன்றாகத் தெரிந்தவர் யார்? கத்தியைத் தீட்டிக்கொண்டு, நகை வேலை செய்கிறவர் மாதிரி உட்கார்ந்து நீக்குவார். நாத்தனார் விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்து, அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீயும் மூணு வேளை சாப்பிடுடி," என்று மேலக்கா அவளுக்கே ஒரு தட்டுப் போட்டாள்.

ஆறு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். நேராக ஏணிக்குப் போகாமல் தள மேலாளரின் அறைக்குப் போனாள். விசிலும் கூட வந்தார்.

"சார், எனக்கு வேலை நேரத்துல கழிப்பறை வேணும்."

மேலாளர் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் மேஜையில் கிடந்த அட்டவணை நல்லது அல்ல. வேலை பதினொரு நாள் பின்தங்கியிருந்தது. "கேபின்ல எப்படிம்மா வைக்கிறது? நீங்க தடவைக்கு முக்கால் மணி நேரம் இறங்கி ஏறினா நான் என்ன பண்ணுவேன்?"

"இறங்க வேணாம். பதினெட்டாவது மாடியில கிரேனைக் கட்டடத்தோட சேர்த்துக் கட்டியிருக்கு. அங்க நடைபாதைப் பலகை இருக்கு. கேபின்லேர்ந்து முப்பது படி இறங்கினா அந்த மாடி. கீழ வாசல்ல நாலு கழிப்பறைக் கூண்டு நிக்குது. ஒண்ணு அந்த மாடிக்கு வரட்டும்."

"அவ்வளவு பெரிய கூண்டை அங்க யார் கொண்டு போறது?"

மேலக்கா அவரையே பார்த்தாள். விசில் இருமினார். மேலாளருக்குத் தான் கேட்ட கேள்வி அப்போதுதான் உறைத்தது.

ஆனாலும் அவர் நேரத்தைப் பற்றிக் கவலைப்பட்டார். விசில் தன் நோட்டை எடுத்துப் பிரித்தார். கான்கிரீட் லாரி வரத் தாமதம், கம்பி கட்டத் தாமதம் என்று கிரேன் சும்மா நின்ற நேரத்தை அவர் தினமும் குறித்து வைத்திருந்தார். எந்த நாளிலும் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையவில்லை. "அக்காவுக்கு வேண்டியது ரெண்டு தடவை, கால் கால் மணி நேரம். லாரி வராத நேரத்துல போயிட்டு வந்துடுவாங்க. ஒரு தொட்டி கான்கிரீட்கூடத் தவறாது. அன்னைக்கு அந்த வலியிலயும் ரெண்டு டன்னைப் பூ மாதிரி வெச்சாங்க சார். அவங்க நல்லா இருந்தாத்தான் கீழ நிக்கிற எங்க தலை நல்லா இருக்கும்."

மேலாளர் நோட்டை இரண்டு பக்கம் புரட்டினார். "சரி, வையுங்க," என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, நீல நிறக் கழிப்பறைக் கூண்டு ஒன்று நாலு சங்கிலியில் தொங்கிக்கொண்டு ஆகாயத்தில் ஏறியது. வேலையாட்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். சிலர் கைபேசியில் படம் பிடித்தார்கள். யாரோ ஒருவர், "உள்ளே ஆள் இருக்கான்னு பார்த்தீங்களாடா?" என்று கத்த, வளாகமே சிரித்தது. கூண்டு காற்றில் ஒரு தடவை திரும்பியது; மேலக்கா நெம்புகோலை லேசாகத் தள்ளி அதை நேராக்கினாள். பதினெட்டாவது மாடியில் விசில் கையை உயர்த்தி, விரல்களைக் குவித்துக் காட்டினார். கூண்டு தன் நாலு காலையும் ஒரே நேரத்தில் தரையில் ஊன்றியது. விசில் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ரேடியோவில் அறிவித்தார்: "வாளித் தண்ணிகூடச் சிந்தலக்கா."

மறுவாரமே அந்த மாடியில் வேலை செய்த தச்சர்களும் கம்பி கட்டுகிற பெண்களும் அங்கே வரிசையில் நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் இத்தனை நாள் தன்னைப் போலவே தாகத்தை அடக்கிக்கொண்டு வேலை பார்த்தார்கள் என்பது மேலக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு மாதத்தில் பத்தாவது மாடிக்கும் ஒரு கூண்டு போயிற்று. அதையும் அவள்தான் தூக்கி வைத்தாள்.

இரண்டு லிட்டர் தண்ணீரோடு கேபினுக்குப் போவது அவளுக்கு வழக்கமாயிற்று. தினசரி மாத்திரை தொடங்கிய இரண்டாம் மாதம் கட்டைவிரலில் லேசாக வலி எட்டிப் பார்த்தது. படிந்த உப்பு கரையும்போது அப்படி வரலாம், மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்ததால் அவள் பதறவில்லை. மூன்று நாளில் போய்விட்டது. எட்டாம் மாதம் ரத்த முடிவைப் பார்த்து டாக்டரம்மா, "இந்த எண்ணிக்கைக்குத்தான் காத்திருந்தேன்," என்றார். நன்றாகச் சாப்பிடத் தொடங்கியதில் ஐந்து கிலோ கூடியிருந்தது. "எண்பத்தஞ்சுல நிக்குதே," என்று மேலக்கா முகத்தைச் சுருக்கினாள். "அவசரம் வேணாம். ஒரு வருஷம் எடுத்துக்கோங்க," என்றார் டாக்டரம்மா. அவள் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் எடுத்துக்கொண்டு எழுபத்தெட்டுக்கு வந்தாள். இம்முறை யாருக்கும் ரேடியோவில் அறிவிக்கவில்லை.

கட்டடம் முடிந்தது. கிரேனைப் பிரித்து லாரிகளில் ஏற்றினார்கள். அடுத்த வேலைக்கு வேறொரு கம்பெனி கூப்பிட்டபோது, நேர்முகத்தில் மூன்று பேர் உட்கார்ந்து, அவள் ஓட்டிய கிரேன்களைப் பற்றியும் தூக்கிய எடைகளைப் பற்றியும் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில், "உங்களுக்கு ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றார்கள்.

"கேபினுக்குக் கிட்ட கழிப்பறை எங்க இருக்கு?" என்றாள்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை எந்த ஆபரேட்டரும் அதைக் கேட்டதில்லை. வரைபடத்தை மேஜையில் விரித்தார்கள். மேலக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து இடம் காட்டினாள்.

இப்போது அவளுக்கு ஐம்பத்தெட்டு. முப்பத்தோரு மாடிக் கட்டடத்தில் வேலை. விசிலையும் அதே கம்பெனிக்கு இழுத்துக்கொண்டாள். கால் வீங்கியது என்றும் வயிறு வலிக்கிறது என்றும் வளாகத்தில் யாராவது அவளிடம் வந்து, "என்னக்கா சாப்பிட்டீங்க, என்னக்கா விட்டீங்க, கொஞ்சம் எழுதிக் கொடுங்களேன்," என்று கேட்பது உண்டு. அவள் எழுதிக் கொடுப்பதில்லை.

"எனக்கு எழுதினது உனக்கு எப்படிப் பொருந்தும்? டாக்டர்கிட்ட போ. அவங்க சொல்றதை முழுசாக் கேளு, என்னை மாதிரிப் பாதி கேக்காத. வயித்தைக் காயப் போட்டுட்டு ஏணி ஏறாத," என்பாள். சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏணிக்குப் போவாள். முந்நூற்று முப்பது படி. மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறாள்.